சக்தி வித் ஜான் மெக்லாலின்

சக்தி வித் ஜான் மெக்லாலின் என்பது சக்தி என்னும் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு ஆகும். இங்கிலாந்தில் பிறந்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர், மும்பையைச் சேர்ந்த தபலா கலைஞர் சாகிர் உசேன், சென்னையைச் சேர்ந்த கடக் கலைஞர் விக்கு விநாயகராம், மிருதங்கக் கலைஞர் இராமநாதபுரம் ராகவன் ஆகிய ஐவரும் இதில் வாசித்துள்ளனர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் பகுதியிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் 1975 ஜூலை 5 அன்று நடைபெற்ற கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவே இத்தொகுப்பு. கொலம்பியா நிறுவனம் இதனை 1976 இல் வெளியிட்டது.

ஜாஸ் இசையும் இந்திய இசையும் சந்தித்த முதல் இசைத்தட்டு இதுவன்று. ஆயினும், இந்திய இசையை மேற்பூச்சாகக் கொள்ளாமல் அதன் இலக்கணத்தையே அடித்தளமாகக் கொண்டு ஒரு ஜாஸ் கலைஞர் வாசித்த தொடக்ககால ஆக்கங்களுள் இது முதன்மையானது. கருநாடக இசைக் கச்சேரிகளில் துணைக்கருவியாகவே இருந்துவந்த கடம் உலக மேடைகளில் தனிக்கவனம் பெறுவதற்கும் இக்குழுவே பெரிதும் காரணமாயிற்று.

பின்னணி

இத்தொகுப்பைப் புரிந்துகொள்ள, ஜாஸ் இசை அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கடந்துவந்த பாதையை அறிதல் வேண்டும்.

1940களில் உருவான பீபாப் என்னும் ஜாஸ் வகை மிகுந்த வேகமும் சிக்கலான சுரச்சேர்க்கைகளும் கொண்டது. 1950களின் நடுப்பகுதியில் ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர் முதலியோர் அவ்வேகத்தைக் கைவிடாமல், கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களையும் தேவாலயப் பாடல்களையும் ஜாஸ் இசைக்குள் மீண்டும் கொண்டுவந்தனர். இவ்வகை ஹார்ட் பாப் எனப்படுகிறது. பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு 1958 இல் பதிவு செய்த மோனின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் தலைப்பு ஆக்கத்தில் பியானோ ஒரு வரியைச் சொல்ல, ஊதுகருவிகள் அதற்கு மறுமொழி கூறும். நம் பஜனைகளில் ஒருவர் முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவதைப் போன்றதே இம்முறை.

ஹார்ட் பாப் இசையில் வளர்ந்த கலைஞர்களுள் மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகிய இருவரும் அடுத்த படிக்கு வழிவகுத்தனர். 1959 இல் வெளிவந்த டேவிசின் கைண்ட் ஆப் புளூ தொகுப்பில், அடிக்கடி மாறும் சுரக்கூட்டுகளுக்குப் பதிலாக ஒரே சுர வரிசையில் நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறை கையாளப்பட்டது. இராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுகளுக்கு இம்முறை அன்னியமானதன்று. அத்தொகுப்பில் வாசித்த கோல்ட்ரேன், பின்னர் இந்திய இசையை ஆர்வத்துடன் கேட்டறிந்தார். 1961 இல் இந்தியா என்ற பெயரிலேயே ஓர் ஆக்கத்தைப் பதிவு செய்தார். 1965 இல் பிறந்த தம் மகனுக்குச் சித்தார் மேதை ரவிசங்கரின் நினைவாக ரவி எனப் பெயரிட்டார்.

இதே காலத்தில் இலண்டனில், ஜமைக்காவில் பிறந்த சாக்சபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் கொல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞர் ஜான் மேயரும் இணைந்து இந்தோ-ஜாஸ் சூட் என்ற தொகுப்பை 1966 இல் வெளியிட்டனர். அதில் ஜாஸ் கலைஞர்களும் இந்தியக் கருவிகளை இசைப்போரும் மேயர் எழுதிக்கொடுத்த இசையை ஒன்றாக வாசித்தனர். சக்தி குழு இதிலிருந்து மேலும் ஓரடி சென்றது. அங்கு எழுதப்பட்ட தாளைவிட, ஒருவர் மற்றவரின் மரபைக் கற்று, மேடையிலேயே கற்பனை செய்வது முதன்மையாயிற்று.

குழுவின் தோற்றம்

ஜான் மெக்லாலின் 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் பிறந்தார். 1969 இல் நியூயார்க் சென்று மைல்ஸ் டேவிசின் இன் எ சைலன்ட் வே, பிட்சஸ் புரூ ஆகிய தொகுப்புகளில் வாசித்தார். 1971 இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். மின்கிதாரின் பேரொலியும் ராக் இசையின் விசையும் கொண்ட அக்குழு அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. மகாவிஷ்ணு என்பது அவருடைய ஆன்மிக ஆசிரியரான ஸ்ரீ சின்மோய் அவருக்கு அளித்த பெயராகும்.

அப்புகழின் நடுவிலேயே மெக்லாலின் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் அமெரிக்காவில் கருநாடக இசைக்கல்வியின் முக்கிய மையமாக விளங்கியது. எல். சங்கர் அங்கு ஆய்வு மாணவராக இருந்தார். இராமநாதபுரம் ராகவன் அங்கு மிருதங்கம் கற்பித்தார். சாகிர் உசேனுடனான நட்பும் 1970களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. மின்னொலியின் உச்சத்தில் இருந்த ஒரு கலைஞர், மரத்தாலும் தோலாலும் மண்ணாலும் ஆன கருவிகளுடன் தரையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கியது இவ்வாறுதான்.

கலைஞர்கள்

எல். சங்கர் (பிறப்பு: 1950) வயலின் மேதை வி. இலட்சுமிநாராயணாவின் மகன். தந்தை யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததால் சங்கரின் இளமைக்காலம் அங்கு கழிந்தது. 1958 ஆம் ஆண்டின் தமிழர் எதிர்ப்புக் கலவரங்களைத் தொடர்ந்து அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. திரைப்பட இசையமைப்பாளர் எல். வைத்தியநாதன், வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் ஆகியோர் இவருடைய தமையன்மார்.

விக்கு விநாயகராம் (பிறப்பு: 1942) தம் தந்தை டி. ஆர். அரிகர சர்மாவிடம் பயின்றவர். அரிகர சர்மா 1958 இல் சென்னையில் நிறுவிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயா என்னும் பள்ளி பல தாளக் கலைஞர்களை உருவாக்கியது. எம். எஸ். சுப்புலட்சுமி உள்ளிட்ட முன்னணிக் கலைஞர்களின் கச்சேரிகளில் விநாயகராம் கடம் வாசித்துள்ளார். இத்தொகுப்பில் கடத்துடன் மிருதங்கமும் வாசித்துள்ளார்.

சாகிர் உசேன் (1951 – 2024) தபலா மேதை அல்லா ரக்காவின் மகன். சக்தி தொடங்கியபோது இவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

இராமநாதபுரம் ராகவன் இந்த முதல் தொகுப்பில் மட்டுமே இடம்பெற்றார். அதன்பின் சக்தி நால்வர் குழுவாகத் தொடர்ந்தது.

கருவிகள்

ஜாஸ் குழுக்களில் வழக்கமாக இடம்பெறும் டிரம்ஸ், பியானோ, பேஸ் ஆகியவை இத்தொகுப்பில் இல்லை. இது ஒலிநயத்தை மட்டுமன்றி இசையின் அமைப்பையே மாற்றியது.

கிதார்: சாதாரணக் கிதாரில் கருநாடக இசையின் கமகங்களை வாசிப்பது கடினம். வீணையில் மெட்டுகள் (தந்தியை அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகின் மேல் உயரமாக நிற்பதால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை அசைக்க இடமுண்டு. கிதாரிலோ விரல் உடனே பலகையில் முட்டிவிடும். இக்குறையைப் போக்க, கிப்சன் நிறுவனத்திற்காகப் பணியாற்றிய ஆபிரகாம் வெக்டர் மெக்லாலினுக்கென ஒரு தனிக் கிதாரை உருவாக்கினார். அதன் விரற்பலகையில் இரு மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகக் குடைந்தெடுக்கப்பட்டது. இதனால் விரல் மரத்தில் உராயாமல் தந்தியை எளிதாக இழுக்கவும் ஆழமாக அழுத்தவும் முடிந்தது. மேலும், ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு துணைத்தந்திகள் கட்டப்பட்டன. சித்தாரின் பரிவுத் தந்திகளைப் போல, முதன்மைத் தந்திகள் ஒலிக்கும்போது இவையும் அதிர்ந்து சுருதியின் சாயலைத் தந்தன.

வயலின்: சங்கர் கருநாடக முறைப்படி தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் தாங்கி வாசித்தார். இவ்வமைப்பில் கருவியைப் பிடித்துக்கொள்ளும் சுமை இடக்கைக்கு இல்லாததால், விரல்கள் தந்தியின் முழுநீளத்திலும் தடையின்றிச் சறுக்க இயலும்.

கடம்: சுட்ட மண்ணால் ஆன கடத்தின் சுருதியைப் பிற கருவிகளைப் போல முறுக்கி ஏற்றவோ இறக்கவோ இயலாது. எனவே கலைஞர்கள் வெவ்வேறு சுருதிகளுக்கு வெவ்வேறு கடங்களை வைத்துக்கொள்வர். சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரை, கடம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊராகும். கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் தட்டினால் உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து ஆழ்ந்த கீழ்ஒலி பிறக்கும். இவ்வொலியும் தபலாவின் இடப்பக்கக் கருவியான பாயாவின் ஒலியும் சேர்ந்து, பேஸ் கருவி இல்லாத குறையை ஓரளவு நிரப்பின.

ஆக்கங்கள்

ஏறத்தாழ 52 நிமிடங்கள் நீளும் இத்தொகுப்பில் மூன்று ஆக்கங்களே உள்ளன.

1. ஜாய் – சுமார் 18 நிமிடங்கள். ஆக்கியோர்: மெக்லாலின், சங்கர்.
2. லோட்டஸ் பீட் – 5 நிமிடங்களுக்கும் குறைவு. ஆக்கியவர்: மெக்லாலின்.
3. வாட் நீட் ஹேவ் ஐ பார் திஸ் எனத் தொடங்கும் மிக நீண்ட தலைப்புடைய ஆக்கம் – சுமார் 29 நிமிடங்கள். ஆக்கியோர்: மெக்லாலின், சங்கர்.

முதல் ஆக்கத்தின் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். கிதாரும் வயலினும் மிகுவிரைவில் ஒரே இசைவரியைச் சேர்ந்து வாசிப்பது இதன் தனி அடையாளம். இரண்டு கருவிகளா ஒன்றா என ஐயுறும் அளவுக்கு அவை ஒன்றியுள்ளன. இரண்டாவது ஆக்கத்தின் பெயருக்குத் தாமரைப் பாதங்கள் என்று பொருள். இது அமைதியான, மெதுவான இசைவரி. இதே ஆக்கத்தை மெக்லாலின் தம் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் இன்னர் வேர்ல்ட்ஸ் தொகுப்பிலும் மின்கருவிகளைக் கொண்டு பதிவு செய்துள்ளார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கருவிகள் மாறும்போது ஓர் இசைவரியின் இயல்பு எவ்வளவு மாறுகிறது என்பதை மாணவர்கள் உணரலாம். மூன்றாவது ஆக்கத்தின் தலைப்பு, உலகப் பொருள்கள் தேவையில்லை, இறைவனின் திருவடியில் ஆடுகிறேன் என்ற கருத்துடையது. இதில் தாளக் கலைஞர்கள் நெடுநேரம் தனித்து வாசிக்கின்றனர்.

இசையமைப்பு முறை

ஹார்ட் பாப் குழு ஒன்று வாசிக்கும் ஆக்கம் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கொண்டது. முதலில் எல்லோரும் முதன்மை இசைவரியை வாசிப்பர். பின்னர் ஒவ்வொருவராகக் கற்பனை செய்வர். இறுதியில் மீண்டும் அவ்வரிக்கே திரும்புவர். கருநாடக இசையில் பல்லவியை எடுத்துக்கொண்டு, நிரவலும் கற்பனைச் சுரமும் செய்து, மீண்டும் பல்லவியின் எடுப்புக்கு வந்து சேர்வதும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். வேறுபாடு யாதெனில், ஜாஸ் இசையில் கற்பனைக்கு அடியில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். கருநாடக இசையில் சுருதி மாறாமல் நிற்கும். சக்தி இவ்விரண்டில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. சுரக்கூட்டுகள் இல்லாத இடத்தில் கேட்போரின் ஆர்வத்தைத் தக்கவைக்கும் பொறுப்பு தாளத்திற்கு வந்து சேர்ந்தது.

தாளத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. தபலா இந்துஸ்தானி மரபைச் சேர்ந்தது. கடமும் மிருதங்கமும் கருநாடக மரபைச் சேர்ந்தவை. இந்துஸ்தானி இசையில் தாளச் சுழற்சியை அடையாளம் காட்டத் தேக்கா என்னும் நிலையான சொற்கோவையைத் தபலா வாசிக்கும். கருநாடக இசையில் தாளம் கையால் போடப்படுவதால் மிருதங்கம் அவ்வாறு வாசிக்க வேண்டியதில்லை. அது பாடலின் போக்கைத் தழுவிச் செல்லும். ஆயினும் இரு மரபுகளுக்கும் பொதுவான கணக்குகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஒரு சொற்கோவையை மும்முறை வாசித்து முடிப்பது. கருநாடக இசையில் இதனை மோரா என்றும் இந்துஸ்தானி இசையில் திகாய் என்றும் அழைப்பர்.

எடுத்துக்காட்டாக, 16 எண்ணிக்கைகள் கொண்ட ஒரு சுழற்சியைக் கொள்வோம். 'த தி கி ண தொம்' என்ற சொற்கோவை 5 எண்ணிக்கை கொண்டது. இதனை மும்முறை சொன்னால் 15 ஆகும். முதல் எண்ணிக்கையை விட்டு இரண்டாவதில் தொடங்கினால், சொற்கோவை 16 ஆவது எண்ணிக்கையில் முடியும். அடுத்த சுழற்சியின் முதல் அடியான சமத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேரலாம். நடுவில் கணக்கு தாளத்திலிருந்து விலகிச் செல்வது போலத் தோன்றிச் சரியான இடத்தில் வந்து விழுவதே கேட்போரை மகிழ்விக்கிறது. இக்கணக்கை அறியாத அமெரிக்க மாணவர்கள் நிறைந்த அவையிலும் இவ்வகை முடிவுகள் பலத்த கைதட்டலைப் பெற்றதை இசைத்தட்டிலேயே கேட்கலாம்.

வரவேற்பும் விமர்சனமும்

மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் தொகுப்புகளைப் போல இத்தொகுப்பு விற்பனையாகவில்லை. மின்கிதாரின் பேரொலியை எதிர்பார்த்த பலருக்கு இது ஏமாற்றம் தந்தது. சக்தி மேலும் இரு தொகுப்புகளை மட்டுமே வெளியிட்டது. அவை 1976 இல் இலண்டனில் பதிவான எ ஹேண்ட்புல் ஆப் பியூட்டியும் 1977 இல் வெளியான நேச்சுரல் எலிமெண்ட்சும் ஆகும். பின்னர் குழு கலைந்தது.

இசை அடிப்படையிலும் இத்தொகுப்பின் மீது கேள்விகள் எழுப்ப இடமுண்டு. கருநாடக இசை வாய்ப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது; இத்தொகுப்பில் பாடலோ சாகித்தியமோ இல்லை. மேலும், வேகத்திற்குத் தரப்பட்ட இடம் இராகத்தின் நிதானமான வளர்ச்சிக்குத் தரப்படவில்லை. பின்னாளில் வந்த பல கலப்பிசைக் குழுக்கள் சக்தியின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னிருந்த கல்வியை விட்டுவிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கச்சேரியின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பவர்கள் தாளக் கலைஞர்கள் மூவர். ஆயினும் ஆக்கியோர் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. இசைவரியை இயற்றியவரையே ஆக்கியவராகக் கொள்ளும் மேற்கத்திய வெளியீட்டு வழக்கத்தில், மேடையில் அவ்வப்போது பிறக்கும் தாளக் கற்பனைக்கு உரிமை வழங்கும் முறை இருக்கவில்லை. தொகுப்பின் தலைப்பிலும் ஒருவர் பெயரே இடம்பெற்றது. மேடையில் ஐவரும் சமமாக அமர்ந்திருந்தாலும் இசைத்தட்டின் உறையில் அச்சமநிலை முழுமையாகப் பதியவில்லை.

தாக்கம்

விற்பனையில் பின்தங்கினும் இத்தொகுப்பின் தாக்கம் நீண்டகாலம் நிலைத்தது.

கடம்: கருநாடகக் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியமாகக் கருதப்படுகிறது, மிருதங்கம் இருக்கும் மேடையிலேயே அதற்கு இடம் கிடைக்கும். சக்தியில் அது தபலாவுக்கு நிகராக ஒலித்தது. விநாயகராமும் சாகிர் உசேனும் பின்னர் அமெரிக்கக் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் பிளானட் டிரம் தொகுப்பில் வாசித்தனர். உலக இசைக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதை அத்தொகுப்பு 1992 இல் பெற்றது. இந்திய அரசு விநாயகராமுக்கு 2002 இல் பத்மசிறீ விருதும் 2014 இல் பத்ம பூசண் விருதும் வழங்கியது.

கொன்னக்கோல்: தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கலை தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் அருகிவந்த காலத்தில், சக்தி தன் இரண்டாம் தொகுப்பில் ஓர் ஆக்கத்தைக் கொன்னக்கோலுடனேயே தொடங்கியது. மெக்லாலின் பின்னர் விநாயகராமின் மகன் வி. செல்வகணேசுடன் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் காணொளித் தொகுப்பொன்றை வெளியிட்டார். இன்று பல நாடுகளின் ஜாஸ் மாணவர்கள் தாளப்பயிற்சிக்காகக் கொன்னக்கோலைக் கற்கின்றனர்.

வயலின்: எல். சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை 1980 இல் உருவாக்கச் செய்து, வயலினின் ஒலி எல்லையைப் பேஸ் வரை விரிவாக்கினார். அக்கருவியைக் கொண்டு உமையாள்புரம் சிவராமன், சாகிர் உசேன் ஆகியோருடன் ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார்.

மறுபிறவி: 1997 இல் மெக்லாலின், சாகிர் உசேன், விநாயகராம் ஆகியோர் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவுடன் ரிமெம்பர் சக்தி என்ற பெயரில் மீண்டும் இணைந்தனர். 1999 இல் வெளியான அவர்களது தொகுப்பில் லோட்டஸ் பீட் மீண்டும் இடம்பெற்றது. அதன்பின் மாண்டலின் யு. சீனிவாஸ், கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் சேர்ந்தனர். தந்தை அமர்ந்த இடத்தில் மகன் அமர்ந்தார்; முதல் தொகுப்பில் இல்லாத வாய்ப்பாட்டும் குழுவிற்குள் வந்தது. யு. சீனிவாஸ் 2014 இல் காலமானார்.

குழு தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2023 இல் திஸ் மொமென்ட் என்ற புதிய தொகுப்பு வெளியானது. மெக்லாலின், சாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோர் அதில் பங்கேற்றனர். 2024 பிப்ரவரியில் சிறந்த உலகளாவிய இசைத்தொகுப்பிற்கான கிராமி விருதை அது வென்றது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று சாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். 1975 இல் சவுத்தாம்ப்டனில் அமர்ந்த ஐவருள், அவரும் மெக்லாலினும் மட்டுமே தொடக்கம் முதல் இறுதித் தொகுப்பு வரை குழுவில் இருந்தவர்கள் ஆவர்.